மடியில் வைத்த சீர் அரிசி

டாக்சி சிக்கந்தர் பாய் காலமாகிவிட்டார்... காலையில் தேவாரத்திலிருந்து அவருடைய மகள் போன் செய்தாள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி டைப் அடிக்கிறாள். பேஸ்புக்கில் போடிக்காரர்கள் நிறையப் பேர் பார்ப்பார்கள், சொல்லுங்கள் தாத்தா என்றாள்.

அந்தக் கறுப்பு அம்பாசடர் ஞாபகம் இருக்கிறதா? பின் கதவை வெளியே இருந்துதான் திறக்க முடியும். "ஏறிட்டா நானா எறக்கி விட்டாத்தான் உண்டு" என்று சிரிப்பார்.

எங்கள் தெருக்காரர். நான் ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்கியவன். என் மனைவி பேச்சியை அவர் தங்கச்சி என்று கூப்பிடுவார், அதனால் நான் அவருக்கு மாப்ளே.

பேச்சிக்கு அண்ணன் தம்பி கிடையாது. தாய் தகப்பனும் இல்லை. ஒரே ஒரு தங்கை, செல்லம்மா. எழுபதுகளில் அவளைப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் ஒரு எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம்.

அவளுக்குத் தலைப்பொங்கல். பிறந்த வீட்டுச் சீரை அக்காள்தான் கொண்டுபோக வேண்டும்.

"பஸ்சுல இடிபட்டு எதுக்குத் தங்கச்சி? லீவு நாள்ல எனக்கு என்ன சோலி... நான் கொண்டு போயி விடுறேன்" என்றார் பாய்.

மாட்டுப்பொங்கல் காலையில் கிளம்பினோம். கார் கூரையில் கரும்புக்கட்டு, டிக்கியில் வெல்லம். பேச்சியின் மடியில் பித்தளைப் பானை, பானை நிறையப் புது அரிசி. எங்கள் பிள்ளைகள் இரண்டும் காரில் ஏறியது அன்றுதான் முதல் தடவை.

மலை வளைவில் மகன் வாந்தி எடுத்தான்... பாயின் புதுச்சட்டை மேலேயே. நான் பதறிப்போனேன். அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினார். பேச்சி சிரித்த சிரிப்பில் பானை ஆடியது.

சட்டையை அலச அருவிப் பக்கம் வண்டியை நிறுத்தினோம். அங்கேதான் வந்தது வினை.

மேலேயிருந்து இறங்கி வந்த ஜீப் டிரைவர் ஒருவர், "பாயி, செக்போஸ்ட்ல அரிசியை விட மாட்டேங்குறாங்க, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடங்களில் நம் அரிசியைக் கேரளாவுக்குக் கொண்டுபோகக் கூடாது. கடத்தல் அதிகம்.

பாய் பயந்துவிட்டார். அரிசியைச் சாக்கில் கொட்டி, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் தள்ளினார்.

"சீரைப் போயி டயருக்கு அடியில வைக்கிறதாண்ணே?" என்றாள் பேச்சி.

"கொஞ்ச நேரந்தான் தங்கச்சி. மெட்டு தாண்டுனதும் பானையில போட்டுருவோம்."

வெறும் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செக்போஸ்ட்டில் கரும்பைத் தொடவில்லை. வெல்லத்தைத் தொடவில்லை. நேராக ஸ்டெப்னியைத் தூக்கினார்கள்...

"சீர் அரிசி சார்" என்றார் பாய்.

"சீரை எவன்யா டயருக்கு அடியில வைப்பான்? அந்தப் பிள்ளை மடியில பானையோட வச்சிட்டு வந்திருந்தா நானே போகச் சொல்லியிருப்பேன். ஒளிச்சு வச்சா அது கடத்தல்தான்யா."

பெரிய அதிகாரி வரட்டும் என்று காரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். பாய் யார் யார் காலிலோ விழாத குறை. செல்லம்மா வீடு அங்கிருந்து ரொம்ப தூரமில்லை.

"நீ மட்டும் நடந்து போயிப் பாத்துட்டு வாயேன்" என்றேன்.

"மொதச் சீரு... வெறும் பானையோட போயி அவ மாமியா முன்னால நிக்கவா?"

பொழுது சாயும்போது அரிசியை எடுத்துக்கொண்டு, எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். மலையில் மஞ்சு மூட்டம் இறங்கிவிட்டது.

அடுத்த பொங்கலுக்கு முந்தி செல்லம்மா போய்விட்டாள். பிரசவத்தில். பெண் குழந்தை மட்டும் பிழைத்தது.

துக்கத்துக்கும் பாய்தான் கொண்டுபோனார். அங்கே அவள் புருஷன் சொன்னான்... "அன்னைக்குப் பூரா ரோட்டோரம் நின்னுக்கிட்டிருந்தாண்ணே. கார் சத்தம் கேட்டாப் போதும், அக்கா வந்துருச்சும்பா. இருட்டுன பெறகுதான் வீட்டுக்குள்ள வந்தா."

பாய் வெளியே போய்க் காருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. ஆனால் மாட்டுப்பொங்கலன்று விடியும்போதே வாசலில் ஹாரன் சத்தம். யாரும் அவரை வரச் சொல்லவில்லை.

"பிள்ளைக்காச்சும் கொண்டு போயிக் குடுத்துட்டு வருவோம் தங்கச்சி."

பேச்சி அதே பித்தளைப் பானையில் அரிசியைக் கொட்டி, மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். மேலே ஒரு துணிகூடப் போடவில்லை.

செக்போஸ்ட்டில் காருக்குள் குனிந்து பார்த்தார்கள். "என்னம்மா இது?"

"என் தங்கச்சிக்குத் தலைப்பொங்கச் சீரு."

"சரி, போங்க போங்க."

அவ்வளவுதான். கட்டையைத் தூக்கிவிட்டார்கள்.

பாய்க்குக் கியர் விழவில்லை. பின்னால் நின்ற பஸ்சுக்காரன் ஹாரன் அடிக்கிறான்... "போங்கண்ணே, பிள்ளை காத்திருக்கும்" என்று பேச்சிதான் சொன்னாள்.

போன வருடம் தேவாரத்தில் மகள் வீட்டில் போய்ப் பார்த்தோம். ஆள் அடையாளம் தெரியவில்லை அவருக்கு. என்னை யாரென்று கேட்டார். பேச்சியை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அரிசியை மடியில வச்சிட்டியா தங்கச்சி?"

"வச்சிட்டேண்ணே" என்றாள் இவள்.

"அப்ப வெரசாப் போயிரலாம்" என்றார்.

ஆட்டோ வந்துவிட்டது. தேவாரம் கிளம்புகிறோம்.

துக்க வீட்டுக்கு அரிசி கொண்டுபோகிறாள் பேச்சி. அதே பானை. வழியில் சிந்தும், மூடி போடு பாட்டி என்கிறாள் பேத்தி. கேட்க மாட்டேன் என்கிறாள்.

வந்துக்கிட்டே இருக்கோம் பாய்...