தேசிக்காய் வைக்காத மெசின்

அப்பாவின் உழவு மெசினை நான் டீசல் ஊற்றிக் கழுவினேன். சவர்க்காரத் தூளைக் கரைத்துக் கழுவினேன். கம்பி பிரஸ்ஸால் துருவைத் தேய்த்துத் தேய்த்து, கரும்பலகையில் எழுதுகிற என் விரல்கள் இரண்டு மாதம் கறுத்துப்போய்க் கிடந்தன. ஆனால் துடக்குத் தீட்டுப் போகக் கழுவு என்று ஊர் சொன்னபோது, ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர்கூட அதன்மேல் தெளிக்க நான் விடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "டீச்சர் ஆருக்கும் தெரியாம பூசாரியக் கூப்பிட்டுக் கழிப்புச் செய்தவ" என்று இன்றும் சிலர் கதைக்கிறார்கள். செய்யவில்லை. செய்யவும் மாட்டேன்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. வீடு இக்கரையில், வயல் வாவிக்கு அப்பால் படுவான்கரையில். அப்பாவுக்குத் தொழில் அந்த நாலு சக்கர மெசின்தான். மழைக்கு முன்னால் ஊரார் வயலை உழுவார். மாசியில் வெட்டிக் குவித்த நெற்சூட்டைக் களவெட்டியில் பரப்பி, அதன்மேல் மெசினைச் சுற்றிச் சுற்றி ஓட்டி நெல்லை உதிர்ப்பார். பிறகு அதே மெசினில் பின்னால் இழுக்கும் பெட்டியைக் கொழுவி மூட்டைகளை வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குவார். நான் பிறந்த வருடம் வாங்கிய மெசின் அது. காலையில் இலேசில் ஸ்டார்ட் வராத இரண்டு பேர் இந்த வீட்டில் இருப்பதாக அம்மா சொல்லிச் சிரிப்பார். ஏறும் படி ஒரு தடவை உடைந்தபோது, அம்மாவின் பழைய தையல் மெசினுடைய இரும்புக் கால்மிதியை, அந்தப் பூவேலையோடு அப்படியே, அப்பா கொண்டுபோய் ஒட்டவைத்துவிட்டார். அம்மா ஒரு கிழமை அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தது. சனம் வாவிப் பக்கம் ஓடி வந்தது. எங்கள் வீடு அந்தப் பக்கம் என்பதால் தண்ணீர் முற்றத்தோடு நின்றது. அது வடியத் தொடங்கியதும் அப்பா பெட்டியைக் கொழுவிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். எல்லோரும் மேற்கே வர, அவர் ஒருவர் கிழக்கே போனார். மூன்று நாள் ஓட்டினார். முதலில் உயிரோடு இருந்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிறகு மற்றவர்களை. மூன்றாம் நாள் மத்தியானம் வந்து கிணற்றடியில் குளித்தார், அம்மா போட்ட சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்பிவிட்டார். எத்தனை பேர், யார் யார் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது.

ஊர் அழுதாலும் நெல் விளையத்தான் செய்யும். மாசி வந்தது. வழக்கமாகத் தை பிறக்கும்போதே மெசின் சொல்ல ஆள் வரும். அந்த வருடம் ஒருவரும் வரவில்லை. கடைசியில் வட்டை விதானையார் சைக்கிளில் வந்து, உள்ளே வராமல் வேலிப் படலையடியில் நின்றார். அந்த வயல் வட்டை முழுவதற்கும் தண்ணீர் திறப்பது முதல் சூடு மிதிப்புக்கு நாள் குறிப்பது வரை அவர் சொல்தான்.

"அண்ணன், குறை நினைக்காதீங்க. இந்தமுற வேற மெசினுக்குச் சொல்லிப்போட்டம்."

"சரி" என்றார் அப்பா.

களவெட்டிக்குள் எங்கள் ஆட்கள் சாவு என்ற சொல்லையே எடுக்க மாட்டார்கள். அங்கே பேசுவதற்கென்றே தனிச் சொற்கள் உண்டு. வாய் தவறினால் நெல்லின் பொலி குறையும் என்று பயம். சொல்லுக்கே அப்படியென்றால், பிணம் ஏற்றிய மெசினை நெல்லின்மேல் ஓட விடுவார்களா? எனக்கும் அது விளங்காமல் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வந்தவர் யார்? அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன அவருடைய மனைவியைத் தாழம்பற்றைக்குள்ளிருந்து தூக்கி வந்தவரே அப்பாதான். விதானையார் அன்று அக்கரையில் வயலில் நின்றார். அவர் வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஊருக்கே தெரிந்த கதை. அவர் படலையடியில் நின்று வேற மெசின் என்று சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் முகத்தில் விழிப்பதையே விட்டுவிட்டேன்.

வைகாசியில் அப்பா மெசினை விற்றார். செங்கலடிக்கு அங்கால் செங்கல் சுடும் வாடிக்காரர் ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். அப்பா வாசலுக்கு வரவில்லை. அதன்பிறகு அவர் வயலுக்கும் போகவில்லை. கோயில் கூட்டத்தில் பின்வரிசையில் உட்காரப் பழகினார். தான் ஏதோ பிழை செய்துவிட்ட ஆள்மாதிரி மெல்லக் கதைக்கத் தொடங்கினார். எனக்கு வந்த கோபம் அந்தக் குரலைக் கேட்டுத்தான்.

பிறகு சண்டை எங்கள் பக்கம் வந்து போனது, வடக்கே போனது, அங்கே முடிந்தது. முடிந்த வருடம் பழைய இரும்பு வாங்குகிற லொறிகள் நாடு முழுவதும் திரிந்தன. ஒரு பாடவிதானக் கருத்தரங்குக்காகப் பதுளை வீதியால் பஸ்ஸில் போனபோது, ஒரு வாடியின் பின்புறம் செடி மூடிக் கிடந்த இரும்புக் குவியலில் அந்தப் பூவேலைக் கால்மிதி தெரிந்தது. அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன். கருத்தரங்கு போனால் போகிறது.

"அடுத்த கிழம லொறி வருது, நிறுத்துக் குடுக்கப் போறன்" என்றார் வாடிக்காரர். பெட்டியும் அங்கேதான் பலகை இல்லாமல் கிடந்தது. என்ன விலை கொடுத்தேன் என்று வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

லொறியில் ஏற்றி வந்து முற்றத்து வேம்பின்கீழ் இறக்கியபோது அப்பா வெளியே வந்து பார்த்தார். அன்றிலிருந்து முன்வாசலை விட்டுவிட்டுப் பின்கதவால் போய்வரத் தொடங்கினார். எழுபது வயது மனிதர், வேலியைச் சுற்றிக்கொண்டு வீதிக்குப் போகிறார். அதைப் பார்க்கப் பார்க்க நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

திருத்த வந்தவர் ஏறாவூர் முஸ்லிம் நானா ஒருவர். நான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் முதலிலேயே சொன்னேன். அவர் என்ஜினுக்குள் விட்ட தலையை எடுக்கவே இல்லை.

"இதுல எத்தின மையத்த ஏத்தி இருந்தாலும் அது நன்மதானே டீச்சர். எனக்குள்ள பிரச்சின பிஸ்டன் இறுகிக் கிடக்கிறதுதான்."

மண்ணெண்ணெயும் ஒயிலும் ஊற்றி மூன்று கிழமை ஊறவிட்டோம். மட்காட்டில் துரு தின்ற ஓட்டைக்குத் தகரம் வெட்டி ஒட்டினோம். பெட்டிக்குப் புதுப் பலகை அடித்தோம். பழைய நீலத்தைத் தேடி நான் மட்டக்களப்பில் கடை கடையாக ஏறினேன். ஒரு சனிக்கிழமை அது இருமி, கறுப்புப் புகையைக் கக்கி, நின்று, மறுபடி பிடித்தது. அயல் முழுக்க வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. அப்போது குசினிக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"காத்து இழுக்குது. டீசல் பைப் வாசர மாத்தச் சொல்லு."

ஐந்து வருடத்துக்குப் பிறகு அவர் அதைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. சத்தம் அடங்கும்வரை நான் ரேடியேட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

செய்தி விதானையாருக்கும் போனது. அவர் ஆளனுப்பவில்லை, தானே வந்தார். மறுபடியும் படலையடி.

"மகள், ஒரு கழிப்பு. நாலு சக்கரத்துக்கும் நாலு தேசிக்காய். அதோட முடிஞ்சிது. பிறகு வட்ட முழுக்க நானே சொல்லி விர்றன்."

புது வாகனம் எடுத்தால் சக்கரத்தின் கீழ் தேசிக்காய் வைத்து நசிப்பது எல்லோரும் செய்வதுதான். என் சைக்கிளுக்கே செய்திருக்கிறோம். அதனால்தான் அது அவ்வளவு இலேசாகக் கேட்டது. ஆனால் இந்தத் தேசிக்காய்க்கு அர்த்தம் வேறு.

"அழுக்குப் பட்டாத்தான் கழுவுற. இதுல என்ன அழுக்குப் பட்டது? நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் திரும்பிப் போய்விட்டார். அம்மா தலையில் கைவைத்தார். "ஒரு தேசிக்காய்தானே மகள், மரத்தில காய்ச்சுக் கொட்டுது." அப்பாவும் மெல்லச் சொன்னார்: "செய்தா என்ன? அதுகளுக்கும் ஒரு பயம்தானே."

என்னைச் சுட்டது ஊர் சொன்னதல்ல, அப்பா சொன்னதுதான். தேசிக்காய் நசிந்தால் மெசினுக்கு வேலை கிடைக்கும். ஆனால் அந்த மூன்று நாளும் தான் செய்தது துடக்கு என்று அப்பாவே ஒப்புக்கொண்டதாகப் போகும். அந்த எண்ணத்தோடு அவர் கண்மூடக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கூலிக்கு ஓடாவிட்டால் முற்றத்தில் நிற்கட்டும் என்றேன்.

அந்த வருடம் சூடடிக்கப் புதிதாக ஒரு மெசின் வந்திருந்தது. சனம் அதற்குச் சுனாமி என்று பெயர் வைத்து, சந்தனம் பூசி, மாலை போட்டுக் களவெட்டிக்குள் விட்டது. பெயர் சுனாமியாக இருக்கலாம், சுனாமியில் செத்தவர்களைத் தூக்கியது மட்டும் வரக்கூடாது. இதற்கு நான் யாரோடு போய்ச் சண்டைபிடிக்க?

அம்மாவின் சீதனக் காணி என் பெயரில் இருந்தது. என் வயல், என் சூடு, என் மெசின். யாருடைய பொலியும் குறையப் போவதில்லை. மாசியில் நானே ஓட்டிக்கொண்டு பாலத்தால் வாவியைக் கடந்தேன். பெட்டியில் அம்மாவும் அப்பாவும். "நீ வரம்ப உடைச்சுப் போடுவாய்" என்று சொல்லித்தான் அப்பா ஏறினார்.

களவெட்டியில் கூலியாட்கள் ஆறு பேர் நின்றார்கள். பெட்டியைக் கழற்றி ஓரத்தில் விட்டு, மெசினைத் திருப்பி நிறுத்தினேன். ஒருவரும் சூட்டில் கைவைக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் விதானையார் வந்து, அவரும் வரம்பில் நின்றார். கீழே குனிந்து பார்த்த அப்பா, "இது ஆர்ர வேல?" என்றார். நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு தேசிக்காய்.

"நான்தான். இப்ப என்ன?" என்றார் அம்மா.

நான் பாய்ந்து இறங்குவதற்குள் அப்பா குனிந்து நாலையும் பொறுக்கிவிட்டார். ஒன்றை மணந்து பார்த்தார். கூலிக்கு வந்த பெட்டை ஒருத்தியிடம் கதிர் அறுக்கும் தாக்கத்தியை வாங்கி நாலையும் வெட்டினார். குடத்துத் தண்ணீருக்குள் பிழிந்தார், சோற்றுப் பார்சலோடு வந்த உப்பைப் போட்டார், கையாலேயே கலக்கினார். தகரப் பேணியில் மொண்டு நின்ற நிலையில் குடித்து முடித்தார்.

"நல்ல தேசிக்காய். வெயிலுக்கு மெசினா குடிக்கும்? வாங்க, ஆருக்கு வேணும்?"

ஐந்து வருடத்தில் அவர் குரல் அவ்வளவு உரத்து நான் கேட்டதில்லை. கூலியாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வரம்பிலிருந்து இறங்கி வந்து பேணிக்குக் கைநீட்டியவர் விதானையார். ஒரு மிடறு குடித்தார். பேணியைக் கையில் வைத்தபடி ஓரத்தில் நின்ற பெட்டியடிக்கு நடந்தார். புதுப் பலகையில் கையை வைத்தார்.

"அண்ணன், அவக்கு எந்தப் பக்கம் தல கிடந்த?"

அப்பாவும் பெட்டியடிக்கு வந்தார். பிறகு சொன்னார்: "முன்னுக்கு. என்ட சேட்டக் கழட்டி மடிச்சித் தலைக்கு வெச்ச நான். அவவ மற்றவங்களோட போடல்ல தம்பி. தனியத்தான் கொண்டு போன நான்."

விதானையார் தலையை ஆட்டினார். மீதித் தண்ணீரைக் குடித்து முடித்துப் பேணியை அம்மாவிடம் கொடுத்தார். திரும்பி ஆட்களைப் பார்த்து, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? சூட்டத் தள்ளுங்க" என்றார்.

கால்மிதியில் கால் வைத்து அப்பா ஏறினார். நான் இறங்கி இடம் விட்டேன்.

விதானையாரை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். படலையடியில் அவர் சொன்ன சொல் சொன்னதுதான், அப்பாவின் ஐந்து வருடமும் போனதுதான். ஆனால் அன்று பின்னேரம் மூட்டை ஏற்றி முடிந்ததும், அவர் மோட்டார் சைக்கிளை வயலிலேயே விட்டுவிட்டுப் பெட்டிக்குள் ஏறினார். முன்பக்கம் மூட்டைகளைக் கொஞ்சம் தள்ளி இடம் செய்து, பலகையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். அப்படியே பாலத்தைக் கடந்தோம், அப்படியே சந்தியைக் கடந்தோம். கோயிலடியில் நின்ற சனம் வாய்பிளந்து பார்த்தது. நேரமாகிறது, கொஞ்சம் வேகமாகப் போங்கள் என்று அம்மா கத்தினார். அப்பா கேட்கவில்லை. முதலாவது கியரிலேயே ஊர் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குத் திருப்பினார்.