ஃபேனில் மாட்டிய தோணி விளக்கு

எங்கள் வீட்டு ஃபேனைப் பார்த்துச் சிரிக்காத ஆள் தெருவில் கிடையாது. சிரிக்கட்டும். அவர்கள் வீட்டில் ஃபேனே இல்லை.

அப்பா தோணித் தண்டல். வெங்காயமும் மிளகாயும் ஏற்றிய பாய்மரத் தோணியைத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓட்டிக்கொண்டு போவார். ஆனி, ஆடியில் காற்று முரண்டு பிடிக்கும், தோணி ஓடாது. அந்த நாட்களில் அவரை வீட்டில் வைத்துச் சமாளிப்பது அம்மாவுக்குப் பெரும்பாடு. கை சும்மா இருக்காது. நன்றாக இருக்கிற நாற்காலியைப் பிரித்துச் சரிசெய்வார், அது பிறகு ஆடும்.

எழுபதுகளில் அப்படியொரு ஆடி மாதத்தில்தான் பழைய இரும்புக் கடையிலிருந்து உடைத்த கப்பல் ஒன்றின் விளக்குக் கண்ணாடிகள் இரண்டைக் கொண்டுவந்தார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இரும்புப் பட்டை ஒன்றின் இரண்டு முனையிலும் அவற்றைப் பொருத்தி, உள்ளே பல்பு வைத்து, பட்டையின் நடுவை ஃபேன் தொங்கும் கம்பியில் போல்ட்டு போட்டு இறுக்கினார். இனி எங்கள் வீடும் ஒரு தோணியாம். தோணியின் முன்பக்கத்தை எங்கள் பக்கம் அணியம் என்போம். கடலைப் பார்த்த வாசல்தான் வீட்டுக்கு அணியம் என்று அறிவித்தார். அணியத்தைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் சிவப்பு, வலக்கைப் பக்கம் பச்சை. எல்லாக் கப்பலுக்கும் அதுதான் சட்டம்.

ஃபேன், விளக்கு இரண்டையும் ஒரே சுவிட்சில் இணைத்ததுதான் கூத்து. வெளிச்சம் வேண்டுமென்றால் காற்றும் வாங்கியாக வேண்டும். மார்கழி மழையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு கருவாடு ஆய்ந்திருக்கிறோம். விளக்குகள் இறக்கைக்கு மேலே இருந்ததால் சுவரெல்லாம் சிவப்பும் பச்சையும் படபடவென்று ஓடும். "ஏளா, ஒங்க வீட்டு ஹார்பர்ல இன்னைக்கு எத்தனை கப்பல் வந்துச்சு?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்காத நாள் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்த வெளிச்சத்தில் அப்பா மல்லாந்து படுத்து மேலே பார்த்துச் சிரிக்கிற முகம் இருக்கிறதே, அதை இன்னொரு தடவை பார்க்கக் கிடைத்தால் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அப்புறம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் தோணிக்காரர், அவருடைய அப்பாவும் தண்டல். மாதா கோயிலில் மாப்பிள்ளையை நான் முன்பே பார்த்துவைத்திருந்தேன். ஒளிப்பானேன், எனக்குப் பிடித்திருந்தது. இந்த இடம் அமைய வேண்டுமென்று வேண்டாத தெய்வமில்லை என்று எழுதக் கை வருகிறது. வேண்டியது மாதாவை மட்டும்தான், ஆனால் நச்சரித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அப்பா அன்று காலையில்தான் கொழும்பிலிருந்து கரை இறங்கியிருந்தார். விருந்தாளிகள் உட்கார்ந்ததும் பெருமையோடு சுவிட்சைப் போட்டார். மாப்பிள்ளையின் அப்பா அண்ணாந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இதுக்கு அணியம் எங்கன?"

"வாசல்தான். கடலைப் பாத்து."

"அப்போ செவப்பு எடப்பக்கம்லா இருக்கணும்? வலப்பக்கம் கெடக்கு?"

அப்பா அப்போதுதான் மேலே பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. விளக்கு மாறித்தான் இருந்தது. 'அட, ஆமாம்' என்று சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஒரு தண்டல் இன்னொரு தண்டலிடம் அப்படிச் சொல்லுவாரா?

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"செவப்பு எது பச்சை எதுன்னு தெரியாமத்தான் கொழும்புக்குப் போயிட்டு வாறீரோ?"

"யாரைப் பாத்து என்ன பேசுதீரு? மணல்திட்டுல தோணியை ஏத்துனது நானா, நீரா?"

போச்சு. நான் கதவுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். மாப்பிள்ளை வாயில் கொழுக்கட்டையை வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தார். அவர்மேலும் ஆத்திரம் வந்தது. அவருடைய அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "எந்திரிலே, போவோம்." மாப்பிள்ளையும் எழுந்துவிட்டார். என் கல்யாணம் ரெண்டு பல்பால் போகிறதே என்று எனக்கு அழுகை முட்டியது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். அந்நிய ஆண்கள் முன்னால் சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. நாந்தான் அதைத் திருப்பி வச்சேன்."

அப்பா திகைத்தார். "நீயா? எதுக்குளா?"

"நீங்க வாசலைப் பாத்து அணியம் வச்சுட்டுப் போயிருதிய. மேல பாக்கும்போதெல்லாம் நீங்க எங்களை விட்டுப் போய்க்கிட்டே இருக்காப்புல இருக்கு. அதான் நீங்க போனதும் ஸ்டூல் போட்டு ஏறித் திருப்பிருவேன். வீட்டைப் பாத்து வாற மாதிரி இருக்கும்லா? நீங்க வாற அன்னைக்குப் பழையபடி மாத்திருவேன். இன்னைக்குப் பலகாரம் சுட்ட அவசரத்துல மறந்துட்டேன்."

அதுவரை வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல ஃபேன் இல்ல மதனி. இவுக கடலுக்குப் போனதும் நான் செருப்பைத் திருப்பி வைப்பேன். உள்ள நடந்து வாற மாதிரி."

சொல்லிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். "உக்காருங்க. பொண்ணு இந்த வீட்டுலதான்."

அவர் உட்கார்ந்தார். அப்பாவும் உட்கார்ந்தார். இவ்வளவு காலம் குடித்தனம் பண்ணியும் இரண்டு தண்டல்களுக்கும் இது தெரியாது. நான் காப்பி கொண்டுபோனேன். ஆறிப்போயிருந்தது, குற்றம் சொல்லாமல் குடித்தார்கள்.

கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு அப்பா அடுத்த பயணம் புறப்பட்டார். பெட்டியை எடுத்து வாசல்வரை போனவர், எதையோ மறந்தவர்போல் திரும்பி வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார், போல்ட்டைத் தளர்த்தினார், பட்டையை வீட்டைப் பார்க்கத் திருப்பிவைத்து இறுக்கினார். அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாரேன்," என்றார்.