பிள்ளையார் முன்னுக்கு, இறைச்சி பின்னுக்கு

ட்ரெயிலர் விற்பது பெரிய காரியமில்லை. அதை எந்த வாகனத்தில் கொழுவி இழுக்கப் போகிறீர்கள் என்று கேட்கும்போதுதான் சண்டை தொடங்கும். விட்பி நகரில், படுக்கையும் சமைக்கக் குசினியும் உள்ள ட்ரெயிலர்கள் விற்கும் கடையொன்றில் நான் ஒருவன்தான் தமிழன். வாங்க வருகிறவர்களோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் சகபாடிகளே, என் வேதனை உங்களுக்குத்தான் புரியும்.

எட்டுப்பேர் படுக்கிற ஆசை

மில்லிக்கனிலிருந்து யோகன் அண்ணையும் வசந்தி அக்காவும் வந்தார்கள். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஏரிக்கரைக்குப் போக வேண்டுமாம். அண்ணை நேரே போய் நின்றது, எட்டுப்பேர் படுக்கக்கூடிய ட்ரெயிலரின் முன்னால். அவருடைய வாகனமோ நடுத்தரம். வெறுமையாக இருக்கும்போதே இது உங்கள் வாகனத்தின் சக்திக்கு மேலே, இனித் தண்ணீரும் சாமான்களும் வேறு ஏறும் என்றேன். மாமன் மச்சான் எல்லோரையும் மொன்றியலுக்கு ஏற்றிப்போன வாகனம் என்று அவர் வாதாடினார்.

எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். அதற்குள் அக்கா பக்கத்தில் நின்ற சின்ன ட்ரெயிலருக்குள் ஏறி, அடுப்பைத் திருகிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "இதிலை பிட்டு அவிக்கலாம். இதையே எடுப்பம்."

தலையாட்டல்

ட்ரெயிலரை எடுக்க வந்த நாளில் அண்ணைக்கு எல்லாம் விளக்கினேன். பாரமான சாமான்களை ட்ரெயிலரின் சில்லுக்கு மேலும் அதற்குச் சற்று முன்னுக்குமாக, தாழ்வாக வையுங்கள். பின்பக்கம் பாரமானால் வாகனத்தோடு கொழுவும் கொக்கியில் பாரம் குறைந்து, ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். உள்ளே அலுமாரிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கும் சொல்லட்டுமா என்று அண்ணையிடம் கேட்டேன். "உது என்ன பெரிய வேலை? நான் பனிக்குள்ளையே கார் ஓடுறவன்."

நெடுஞ்சாலையில் ஆட்டம்

பயணம் புறப்பட்ட காலையிலேயே கடைக்குத் திரும்பி வந்தார்கள். பெரிய ட்ரக் ஒன்று முந்திப் போனதும் ட்ரெயிலர் இடமும் வலமும் அடித்திருக்கிறது. நல்லவேளை, அண்ணை பிரேக்கை மிதிக்காமல் அக்ஸிலேற்றரிலிருந்து காலை மட்டும் எடுத்திருக்கிறார். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஊர்ந்து வந்திருந்தார். அக்கா கார்க் கதவைத் திறந்து பிள்ளைகளை இறக்கினார். இனிப் பிள்ளைகளை இதோடு ஏற்றமாட்டேன், பயணமும் வேண்டாம், ட்ரெயிலரும் வேண்டாம் என்றார். சின்னவள் அழத் தொடங்கிவிட்டாள்.

உள்ளே ஏறிப் பார்த்தேன். முன்தட்டில் பூவும் குங்குமமுமாகப் பிள்ளையார் படம். சுற்றிவர வேறொன்றும் இல்லை. பின்சுவரோடு ஆட்டிறைச்சிப் பெட்டிகள், அரிசிமூட்டை, சமையல் கிடாரம், தண்ணீர்க் கான்கள். அடுக்கியவர் அக்காதான். ஏன் அக்கா இப்படி என்று கேட்டேன். "சாமி இருக்கிற இடத்திலை இறைச்சிச் சாமானை வைக்கலாமோ, தம்பி?"

இடமாற்றம்

கொக்கியின் கீழ் தராசை வைத்து அக்காவுக்குக் காட்டினேன்; பாரம் மிகக் குறைவு. பிள்ளையாரைக் காருக்கு மாற்றி, இறைச்சியையும் அரிசியையும் சில்லுக்கு முன்னுக்குக் கொண்டுவந்தோம். மறுபடி நிறுத்துப் பார்த்தபோது ட்ரெயிலரின் மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. சரியான அளவு.

பிள்ளைகளைக் கடையில் இருத்திவிட்டு ஒரு எக்ஸிட் தூரம் ஓடிப் பார்த்தோம். அண்ணை ஓட்டினார், நான் பின்னால் இருந்தேன். ட்ரக்குகள் முந்திப் போயின. திரும்பிவரும்வரை அக்கா பிள்ளையார் படத்தை மடியில் வைத்திருந்தார். கார் நின்றதும் மடியைப் பார்த்தபடி சொன்னார்: "பிள்ளையார் ஆடாமல் அசையாமல் இருக்கிறார். பிள்ளையளை ஏத்துங்கோ."

அன்றிலிருந்து நான் சாவியை அண்ணைமாரிடமும், விளக்கத்தை அக்காமாரிடமும்தான் கொடுக்கிறேன்.