கோத்தா திங்கி சாலையில் குளிர்காய்ச்சல்

கோத்தா திங்கி போகும் சாலையில் எங்கள் வாடகைக் கார் சேற்றில் புதைந்து நிற்கிறது. டிரைவர் ஆள் தேடிப் போயிருக்கிறார். கல்யாணமான கையோடு ஊர் சுற்றிப் பார்க்க நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தோம். இப்போது என் கணவர் பின்சீட்டில் குளிர்காய்ச்சலில் நடுங்குகிறார். கொயினா மாத்திரை கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்வதென்று தெரியாமல் விசிறுகிறேன்.

ரப்பர் பால் வாளியோடு வரும் தோட்டத்துப் பெண் எட்டிப் பார்க்கிறாள்.

"நடுங்குற மனுசனுக்கு விசிறுறீங்களே! கட்டிப் பிடிச்சுக்குங்கம்மா."

"யாராவது பார்த்தா?"

"நான் பாத்துக்குறேன்."

காருக்கு முதுகு காட்டிச் சாலையில் காவல் நிற்கிறாள். நான் அவரை முதல்முறையாக இறுக அணைத்துக்கொள்கிறேன். வெகுநேரம் கழித்து அவருக்கு வியர்க்கிறது.

"பயந்துட்டியா?" என்கிறார் மெதுவாக.

"ஆமா."

டிரைவர் ஆட்களோடு வரும் பேச்சுச் சத்தம் நெருங்குகிறது. நான் கையை எடுக்கவில்லை.