வாளுக்கு முன்னால் சிரிக்கக் கூடாது

எண்பதுகளின் நடுப்பகுதியில் நானும் மச்சாளும், என் கணவரின் தங்கை, புவாண்ட்-கிளேர் என்ற புறநகரில் ஒரு பண்டகசாலையில் சோப்புக் கட்டிகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தோம். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. மச்சாளுக்கு ஆங்கிலமும் வராது, பிரெஞ்சும் வராது. சிரிப்பு மட்டும் எந்த நேரமும் வரும். எங்கள் மேசையில் மூன்றாவதாக நின்றவள், ஜப்பானியப் பெற்றோருக்கு இந்த நாட்டில் பிறந்தவள். எங்கள் வயதுதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் தன் பெற்றோரின் நாட்டு வாள் கொல்லர்களின் கதைகளைச் சொல்லுவாள். நான் பாதியை விளங்கிக்கொண்டு, மீதியை என்பாட்டில் சேர்த்து, மச்சாளுக்குத் தமிழில் சொல்லுவேன்.

ஒரு கொல்லர் இருந்தாராம். பழுக்கக் காய்ச்சிய வாளை எவ்வளவு சூடான தண்ணீரில் தோய்ப்பது என்பது அவருடைய தொழில் ரகசியம். ஒரு நாள் சீடன் களவாகத் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தான். கொல்லர் அந்தக் கையையே வெட்டிவிட்டார்.

மச்சாள் வாய்க்குக் கொண்டுபோன பாண் துண்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். "கையையோ? இளஞ்சூடு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அலுவல் முடிஞ்சுது!"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் தோழிக்குத் தேநீர் மூக்கால் வந்தது.

இன்னொரு நாள், குருவும் சீடனும் தங்கள் வாள்களை ஓடையில் நட்டுவைத்த கதை. சீடனின் வாள் மிதந்து வந்த இலைகளையெல்லாம் இரண்டாக அரிந்தது. குருவின் வாளை இலைகள் தொடாமல் விலகிப் போயின. ஆகவே குருவின் வாளே உயர்ந்தது என்று தோழி முடித்தாள்.

"வெட்டாத வாள் என்னத்துக்கு? அதாலை ஒரு முருங்கைக்காயும் நறுக்கேலாது," என்றாள் மச்சாள்.

பிறகு நரிக்கதை வந்தது. பேரரசர் ஒரு வாள் கேட்டார். எதிரே நின்று சம்மட்டி போடத் தகுந்த ஆள் கொல்லருக்குக் கிடைக்கவில்லை. நரித் தெய்வமே மனித உருவில் வந்து அடித்துக் கொடுத்ததாம். "எங்கள் வீட்டு வாளையும் நரிதான் அடித்தது என்று தாத்தா சொல்லுவார்," என்றாள் தோழி.

"வீட்டிலை வாள் இருக்கோ?" மச்சாள் எழும்பியே விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்களுக்கு அழைப்புக் கிடைத்தது.

சேலைக்கு மேல் குளிர்க் கோட்டு, கையில் பருப்பு வடை. ஜான்-டலோன் சந்தைக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனோம். தோழியின் அப்பா வடையை இரண்டு கையாலும் வாங்கினார். எங்களைப் பாயில் இருத்தி, ஆளுக்கொரு மடித்த வெள்ளைத் தாளைத் தந்து, உதடுகளுக்கு இடையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மூச்சின் ஈரம் பட்டால் வாள் துருப்பிடிக்குமாம். தானும் ஒரு தாளைக் கவ்விக்கொண்டார். வாளை வணங்கிவிட்டு, உறையிலிருந்து மெல்ல இழுத்தார்.

அப்படி ஓர் இரும்பை நான் கண்டதில்லை. கூர்ப்பக்கம் முழுவதும் அலை அலையாக ஒரு வெண்மை, கரையில் நுரை நிற்பதுபோல. எனக்கு மெய்சிலிர்த்தது. இதை மச்சாளுக்குக் காட்ட வேண்டும் என்று திரும்பினேன். அதுதான் பிழையாய்ப் போனது.

அவள் கண்கள் இரண்டும் பிதுங்கி நின்றன. வாயில் தாளோடு, தபாற்பெட்டி மாதிரி இருந்தாள். எனக்குச் சிரிப்பு முட்டியது. நான் செத்தவீடுகளை நினைத்தேன், குடிவரவு அதிகாரியின் முகத்தை நினைத்தேன். ஒன்றும் உதவவில்லை. மச்சாளின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடுத்த கணம் அவளுடைய தாள் பறந்துபோய் அப்பாவின் முழங்காலில் விழுந்தது.

அவர் வாயில் தாள் இருந்ததால் ஏசவும் முடியவில்லை. எங்களை உறுத்துப் பார்த்தார். தோழி முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டாள். நான் நிலம் பிளக்காதா என்று இருந்தேன். அப்போது அவர் தோள் மெல்ல ஆடத் தொடங்கியது. வாளை அவசரமாக உறைக்குள் தள்ளினார். தாள் விழுந்தது. ஆள் பாயில் சரிந்து கண்ணீர் வரச் சிரித்தார். சின்ன வயதில் தானும் தம்பியும் இதற்காகவே அடி வாங்கியதாகப் பிறகு சொன்னார்.

தேநீரோடு வடையைக் கடித்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் எதிரியானதும், இந்த நாட்டு அரசாங்கம் மேற்குக் கரையிலிருந்து இவர்கள் குடும்பத்தை மலைகளுக்குள் முகாமுக்கு அனுப்பியது. வீடும் படகும் போய்விட்டன. பக்கத்து வீட்டு மீன்காரர் வாளைக் கூரைக்குள் ஒளித்து வைத்திருந்து, பல வருடம் கழித்துத் திருப்பித் தந்தார். வாள்களைப் பற்றி அறிந்தவர்களிடம் காட்டினால், இதில் கொல்லரின் கையெழுத்து இல்லை, அது யாரோ பெயர் தெரியாத ஒரு கிராமத்துக் கொல்லர் செய்தது என்றார்களாம்.

"நரி இல்லையோ?" என்றாள் மச்சாள் மெய்யான கவலையோடு. நான் மொழிபெயர்த்தேன்.

"நரி கையெழுத்துப் போடாது," என்றார் அவர்.

புறப்படும்போது வாசலில் வைத்து, அடுத்த முறை உங்கள் கதை ஒன்று சொல்ல வேண்டும் என்றார். பேருந்தில் ஏறியதுமே மச்சாள் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்லுறன், நீங்கள் இங்கிலீசிலை சொல்லுங்கோ."

"என்ன கதை?"

"விமான நிலையத்திலை, தானா ஓடுற படியைக் கண்டு நான் செருப்பைக் கழட்டி வைச்ச கதை."

"செருப்பு தனிய மேல போனதே, அதோ?"

"ஓம்! நான் கீழ நிண்டு 'செருப்பு, செருப்பு' எண்டு கத்த, ஒரு வெள்ளைக்காரர் அதைத் தூக்கித் தலைக்கு மேல ஆட்டினாரெல்லோ!"

சாரதி கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். வில்லரேயில் நாங்கள் இறங்க வேண்டிய தரிப்பு பின்னால் போய்க்கொண்டிருந்தது. மணியை இழுக்க எழுந்தவள், சிரிப்பில் என் மடியில் வந்து விழுந்தாள்.