தாடைக்குக் கீழே ஒரு கதை

சலூன்காரர் கதை எழுதுகிறார் என்பது தெருவுக்கே தெரியும். எப்படித் தெரியாமல் இருக்கும்? நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு பத்திரிகையின் சிறுகதைப் போட்டி. அன்றுதான் கடைசி நாள்; மாலைக்குள் கதையை அலுவலகத்தில் நேரில் சேர்க்க வேண்டும்.

கடை மாமனாருடையது. "கொஞ்ச நாள் பாத்துக்கங்க மாப்ளே" என்று கல்யாணமான புதிதில் சாவியைக் கொடுத்தவர், அதைத் திரும்பக் கேட்கவே இல்லை. படி இறங்கினால் கடை, படி ஏறினால் வீடு. பரிசு கிடைத்தால் என்ன ஆகும் என்று சலூன்காரருக்குச் சொல்லத் தெரியாது. கிடைக்காவிட்டால் சாகும்வரை இந்தப் படிக்கட்டுதான் என்று மட்டும் தெரியும்.

கதை, பிடிக்காத கடையை உதறிவிட்டுக் கிளம்பும் தையற்காரனைப் பற்றியது. கன்னத்தை மழித்தபடியே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வருவார். தாடைக்குக் கீழே வரும்போது, "எப்படி இருக்கு?" என்பார். தொண்டையில் கத்தி இருக்கும்போது எவன் இல்லையென்று தலையை ஆட்டுவான்? எல்லாரும் "ம்" என்றார்கள். அதை நம்பி மனுஷர் மிதந்துகொண்டிருந்தார்.

டீ கொண்டுவந்த மனைவி அன்று இதைப் பார்த்துவிட்டாள்.

"கத்தியக் கீழ வெச்சிட்டுக் கேளுங்க. அப்பத் தெரியும்."

சுருக்கென்றது. நாற்காலியில் இருந்தவர் பஸ் டிரைவர், யாருக்கும் கூழைக்கும்பிடு போடாத ஆள். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு கன்னம் மழமழவென்று இருந்தது, மறு கன்னத்தில் இன்னும் நுரை.

"பிரமாதம்ணே."

சலூன்காரர் மீதியையும் மழித்து, துடைத்து, வாசல் வரை கூடவே போனார். "இப்பச் சொல்லுங்க."

"கோச்சுக்காதீங்க. அந்தத் தையக்காரன் போறேன் போறேன்னு சொல்லிட்டே இருக்கான். கடைசியில 'போய்விட்டான்'னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. எங்க போனான்? எந்த பஸ்ஸுல ஏறினான்?"

"அத படிக்கிறவங்க நெனச்சுக்குவாங்க."

"உங்களுக்கே தெரியலண்ணே" என்று சொல்லிவிட்டு டிரைவர் நடையைக் கட்டினார்.

சலூன்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேனாவை எடுத்தார். தையற்காரனைத் தெருவில் இறக்கினார். அதற்குமேல் பேனா ஓடவில்லை. தெருக்கோடியில் என்ன இருக்கிறது? இத்தனை வருஷமும் தெருவைக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறார், அதுவும் யாரோ ஒருவர் தலைக்கு மேலாக. போய்ப் பார்த்துவிடுவோம் என்று இறங்கி நாலு எட்டு வைத்தார்.

"மாப்ளே, கடைக்கு ஆள் வந்திருக்கு" என்றார் மாமனார், மாடி ஜன்னலிலிருந்து.

திரும்பிவிட்டார். அந்த ஆளுக்கு வெட்டி முடிப்பதற்குள் இன்னொருவர் வந்தார். வெயில் சாய்ந்தபோதுதான் கடைசி வரியை அடித்துவிட்டு எழுதினார்: 'தையற்காரன் வாசலைத் தாண்டினான். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தான்.'

எழுதியதைப் படித்துப் பார்த்தார். இது நல்ல கதை என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். காகிதத்தை மனைவியிடம் நீட்டி, "நீயே போய்க் குடுத்துட்டு வந்துடு" என்றார். அவள் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"அப்பாகிட்ட இதப் படிச்சுக் காட்டிடாதீங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவர் அடுத்தவருக்குத் துண்டைப் போர்த்தினார்.