சிலேட்டில் இருந்த மாப்பிள்ளை

என் மாப்பிள்ளை விஸ்வேஸ்வரன் எர்ணாகுளத்துக் கல்லூரியில் வாத்தியார். குடியிருப்பு மட்டாஞ்சேரியில் எங்களோடு. தங்கமான மனுஷர். காய்கறி வாங்கத் தெரியாது, அவ்வளவுதான். டாக்டர் பட்டத்துக்கு ஒன்பது வருஷமாக ஒரே ஆராய்ச்சி. படகிலும் ஜீப்பிலும் நகர்ந்துகொண்டே இருக்கும் வயர்லெஸ் பெட்டிகள், நடுவே கம்பமோ கம்பியோ இல்லாமல், ஒன்றின் வழியாக இன்னொன்றுக்குச் சேதி கடத்த வேண்டுமாம். வழி கண்டுபிடிப்பதில் இரண்டு கட்சி. யார் எங்கே என்று ஒவ்வொரு பெட்டியும் எப்போதும் பட்டியல் வைத்திருப்பது ஒன்று. பட்டியலே இல்லாமல், சேதி வரும்போது பக்கத்துப் பெட்டியைக் கேட்பது, அது அடுத்ததைக் கேட்பது மற்றொன்று.

மாப்பிள்ளை பட்டியல் கட்சி. வீட்டு வாசலிலும் ஒரு சிலேட்டு மாட்டினார். வெளியே போகிறவர்கள் போகுமிடத்தை எழுத வேண்டும். எனக்கு எழுத்து தெரியாதே என்றேன்.

"கமலாக்ஷியை எழுதச் சொல்லுங்கோ மாமி."

எதிர்வீட்டில் புளி வாங்க மகளை எழுப்பி எழுதச் சொல்வதா? நான் சொல்லவே இல்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் பேராசிரியர் கல்யாணராமன் மதராஸிலிருந்து பரிசோதிக்க வந்தார். அவர் ஒப்புக்கொண்டால் பட்டம். இல்லாவிட்டால் ஒன்பது வருஷமும் வீண். மாப்பிள்ளை சிலேட்டில் 'படகுத்துறை' என்று எழுதிவிட்டு எதிர்கொள்ளப் போனார். அவரோ ஆட்டோவில் வீட்டுக்கே வந்துவிட்டார். சிலேட்டைப் படித்துப் படகுத்துறைக்குப் போய், முகம் சிவந்து திரும்பினார்.

"அங்கே அவர் இல்லையேம்மா. நான் கிளம்பறேன்."

"காப்பி சாப்பிடுங்கோ. ஆறறதுக்குள்ளே வந்துடுவார்."

வாசலில் நின்று சாயாக்கடை நஜ்முதீனைக் கூப்பிட்டேன். "நம்ம சாரைக் கண்டோ?"

"இல்ல மாமி, கேட்டுப் பாக்கறேன்."

அவன் கைவண்டிக்காரனைக் கேட்டான். கைவண்டிக்காரன் மிளகு கோடவுன் சுமைக்காரர்களைக் கேட்டான். அப்படியே போயிற்று. காப்பி ஆறித்தான் போனது. இரண்டாவது டம்ளரும் கொடுத்தேன். அதற்குள் மாப்பிள்ளை வேர்த்து ஓடி வந்தார். பின்னால் ஒரு கூட்டம்.

"போர்ட் கொச்சித் துறையிலே இறங்கிட்டேளோன்னு அங்கே போய்ட்டேன் சார்."

"சிலேட்டிலே நீர் இன்னும் படகுத்துறையிலேதான் நிக்கறீர்," என்றார் பேராசிரியர்.

மாப்பிள்ளை விடுவாரா? நஜ்முதீனிடம் திரும்பினார். "என்னை எத்தனை பேர் தேடினீங்க?"

"பதினாலு பேர், சார்."

"பாத்தேளா! ஒருத்தனுக்காகப் பதினாலு பேர் வேலை கெட்டது. அதான் கேக்கற வழியோட குறை."

"அதையும் எழுதும். பட்டியல் பழசாப் போனதையும் எழுதும். ரெண்டும் இருந்தாத்தான் பட்டம்."

மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மாதம் எழுதினார். ஓயாமல் நகர்கிறவர்களுக்குக் கேட்பது மேல், அதிகம் நகராதவர்களுக்குப் பட்டியல் மேல் என்று முடித்தார். பட்டம் வந்தது.

சிலேட்டை மட்டும் கழற்றவில்லை. டாக்டர் விஸ்வேஸ்வரன் வீட்டில் இருப்பதாக இன்றும் அதில் எழுதியிருக்கிறதாம். எங்கே போனார் என்று நஜ்முதீனைக் கேட்டிருக்கிறேன்.